கரணம்: ஒரு கலைச்சொல் வசைச்சொல்லான வரலாறு

சொற்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஒருகாலத்தில் நறுமணத்தையே குறித்து வந்த 'நாற்றம்' இன்று தீய மணத்தைக் குறிக்கிறது. கள்ளுண்டு மயங்குதலைக் குறித்த 'களிப்பு' பொதுவான மகிழ்ச்சியைக் குறிக்கும் நிலைக்கு உயர்ந்தது. இவற்றை இழிபொருட்பேறு என்றும் உயர்பொருட்பேறு என்றும் வகுத்து மாணவர்க்கு விளக்குவது தமிழாசிரியர் வழக்கம். அவ்வாறு விளக்கும்போது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க இன்னொரு சொல் 'கரணம்' என்பது.

இன்றைய பேச்சில் இச்சொல் தனித்து வருவது அரிது. 'குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காது' என்னும்போது அது முயற்சியின் வீண்மையைச் சுட்டுகிறது. 'கரணம் தப்பினால் மரணம்' என்னும் பழமொழியில் அச்சத்தைச் சுட்டுகிறது. அதன் உடன்பிறப்பாக இந்துஸ்தானியிலிருந்து வந்து சேர்ந்த 'பல்டி' என்னும் சொல்லோ, கொள்கை மாறியவரையும் கட்சி மாறியவரையும் ஏசுவதற்கென்றே வழங்குகிறது. உடலை நிலத்திலோ வெளியிலோ முழுச் சுற்றாகச் சுழற்றி மீண்டும் காலூன்றி நிற்கும் ஓர் அரிய கலைக்குத் தமிழில் உள்ள பெயர்கள் எல்லாம் ஏளனத்தின் சாயல் படிந்தவையாகவே உள்ளன.

இது அகராதி ஆராய்ச்சியாளரை மட்டும் சார்ந்த செய்தி அன்று. ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் போன்ற ஊர்களில் தமிழ்வழி பயிலும் பிள்ளைகளையும் அது தொடுகிறது. மலேசியத் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் உடற்கல்வி ஒரு பாடம். சீருடற்பயிற்சி அப்பாடத்தின் ஒரு கூறு. பாய்மேல் முன்னோக்கி உருளும் பிள்ளைக்கு மலாய்மொழி 'குலிங் டெப்பான்' என்று ஒரு பெயரைத் தந்துவிடுகிறது. பின்னோக்கி உருண்டால் 'குலிங் பெலாக்காங்'. வெளியில் உடலைப் புரட்டினால் 'பாலிக் குவாங்'. இவை செயலைச் சொல்லும் பெயர்கள். செய்பவரைப் பழிக்கும் பெயர்கள் அல்ல. அதே ஆசிரியர் தமிழில் 'குட்டிக்கரணம்' என்று சொன்னால் வகுப்பில் முதலில் எழுவது சிரிப்பு. ஒரு மொழி தன் பிள்ளையின் திறனைப் பெயரிட்டு அழைக்கும்போதே நகைப்புக்கு இடம் கொடுக்குமாயின், அந்நகைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பது பொருத்தமே. தமிழ் இலக்கியம்தான் அதற்குக் காரணமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

சொல்லின் பழம்பொருள்

கரணம் என்பது செய்தல் என்னும் வினையை அடியாகக் கொண்ட வடசொல்லோடு ஒத்தது. செய்கை, செய்தற்குரிய கருவி என்னும் இரு பொருள்களிலிருந்து அதன் கிளைகள் விரிந்தன. தொல்காப்பியம் கற்பியலின் தொடக்கத்தில் அச்சொல் திருமணச் சடங்கைக் குறிக்கிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கையும் தத்துவ நூலோர் அந்தக்கரணம் என்றனர். பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளுள் திதி, வாரம், நட்சத்திரம், யோகம் என்னும் நான்கிற்குப் பின் ஐந்தாவதாக நிற்பதும் கரணமே. ஊர்க் கணக்கரையும் அப்பெயரால் அழைத்தனர். சடங்கு, அறிவு, காலக்கணக்கு, ஊர்க்கணக்கு ஆகிய அனைத்தும் ஒழுங்கோடு தொடர்புடையவை. முறை பிறழாமல் செய்யப்படும் செயலுக்கே இச்சொல் உரியதாய் இருந்தது என்பது இதனால் புலனாகும்.

ஆடற்கலையிலும் அதே பொருள்தான். பரதரின் நாட்டிய சாத்திரம் கை அசைவும் கால் அசைவும் ஒன்றியமைந்த ஆடல் அலகைக் கரணம் என்று வகுத்து, அத்தகைய கரணங்கள் 108 என்று தொகைப்படுத்தியது. அவற்றுள் பல மென்மையானவை. சிலவோ உடலைக் கடுமையாகப் பழக்கியவர்க்கே இயல்பவை. தேளின் கொடுக்குப் போலக் காலைப் பின்புறமாக வளைத்துத் தூக்குவது விருச்சிகம். காலின் பெருவிரல் நெற்றியில் திலகம் இடுவது போல உயர்வது லலாடதிலகம். மானின் தாவலைப் பெயராகக் கொண்டது ஹரிணப்லுதம். தொகையின் இறுதியில் நிற்கும் கங்காவதரணம், கால் மேல்நோக்கவும் கை கீழ்நோக்கவும் அமைந்து, வானிலிருந்து இறங்கும் ஆற்றின் பெயரைத் தாங்கியது.

இக்கரணங்களுக்குத் தமிழகம் கொடுத்த இடம் எது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010இல் நிறைவெய்திய அக்கோயிலின் விமானத்தில், கருவறைக்கு மேலுள்ள தளத்தின் உட்சுற்றில், சிவபெருமானே கரணங்களை ஆடிக் காட்டுவதாகச் சிற்பங்கள் உள்ளன. 81 கரணங்கள் செதுக்கப்பட்டன. எஞ்சிய 27க்குரிய கற்கள் செதுக்கப்படாமலே நின்றுவிட்டன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் 108 கரணங்களையும் ஆடல்மகளிர் ஆடிக் காட்டுகின்றனர். அவற்றுள் சில வாயில்களில் நாட்டிய சாத்திர இலக்கணமும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. இச்சிற்பங்கள் நின்ற நிலைகளைக் காட்டுவன அல்ல, ஓடும் அசைவின் ஒரு கணத்தைக் காட்டுவன என்று பத்மா சுப்ரமணியம் தம் ஆராய்ச்சியில் நிறுவ முயன்றார். அக்கருத்தை ஏற்பின், கல்லில் நிற்பது வளைந்த உடல் மட்டும் அன்று. எழும்பிச் சுழன்று இறங்கும் உடலின் இடைக்கணம் என்பதும் ஏற்கத்தகும்.

ஆகவே சொல்லின் தொடக்கத்தில் இழிவு இல்லை. இறைவன் மேல் ஏற்றிச் சொல்லத்தக்க பெருமையே இருந்தது.

சங்கப் புலவர் கண்ட ஆடுகளம்

கோயிற் சிற்பத்தில் கண்டது கற்றோர் வகுத்த கலை. தெருவிலும் திருவிழாவிலும் ஆடிய கூத்தரை இலக்கியம் எவ்வாறு நோக்கியது என்பதற்குச் சங்கநூல்களுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே நிலத்தில் போடும் கரணத்தைவிடக் கயிற்றின்மேல் ஆடும் ஆட்டமே மிகுதியாகப் பேசப்படுகிறது. ஆயினும் இரண்டும் வேறுவேறு கலைகள் அல்ல. கழைக்கூத்தர் நிலத்தில் கரணம் போட்டுக் கூட்டத்தைச் சேர்த்தபின் கழைமேல் ஏறுவது அண்மைக்காலம் வரை தமிழ்நாட்டுத் தெருக்களில் காணப்பட்ட வழக்கமாகும். உடலின் நடுநிலை பிறழாமல் காத்தல் இரண்டிற்கும் பொதுவான அடிப்படை.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டு பெரும்பதுமனார் பாடியது. பெற்றோர் அறியாமல் உடன்போக்கில் செல்லும் தலைவனையும் தலைவியையும் வழியில் கண்டோர் பேசுவதாக அது அமைந்துள்ளது. ஆடவன் காலில் கழல். பெண்ணின் தோளில் வளை, மெல்லிய அடியில் சிலம்பு. இவர்கள் யாரோ, இரங்கத்தக்கவர் என்று கண்டோர் நெஞ்சம் நெகிழ்கின்றனர். இருவரும் புகுவதோ மூங்கில் அடர்ந்த பாலைவழி. அங்கே காற்று மோத, வாகை மரத்தின் வெண்ணிற நெற்றுகள் ஒலிக்கின்றன. அவ்வொலி ஆரியர் கயிற்றின்மேல் ஆடும்போது கொட்டும் பறையின் ஒலியை ஒத்திருக்கிறது என்கிறார் புலவர். இங்கு ஆரியர் என்பதற்குக் கழைக்கூத்தர் என்றே உரையாசிரியர் பொருள் கண்டனர். அக்கூத்து ஆரியக்கூத்து என வழங்கியதும் இதனால்தான்.

உரைகளில் இவ்வுவமை பெரும்பாலும் ஒலியுவமையாகவே விளக்கப்படுகிறது. நெற்றின் ஒலி பறையொலியை ஒத்தது என்பதோடு விளக்கம் நின்றுவிடும். அது பொருந்துவதே. ஆனால் பறையொலிக்கு ஒப்பிட வேண்டுமாயின் போர்ப்பறையும் உண்டு, மணப்பறையும் உண்டு, சாப்பறையும் உண்டு. இத்தனை பறைகள் இருக்கக் கயிற்றாட்டப் பறையைப் புலவர் தேர்ந்ததற்கு ஒலி மட்டும் காரணமாகாது. கயிற்றின்மேல் ஆடுபவர் ஒரு முனையை விட்டுப் புறப்பட்டவர். மறுமுனையை இன்னும் அடையாதவர். உடன்போக்கில் செல்லும் பெண்ணும் அத்தகையவளே. காலில் சிலம்பு இன்னும் கழற்றப்படவில்லை. அதாவது மணச்சடங்கு இன்னும் நிகழவில்லை. தாய்வீட்டை விட்டாயிற்று; தலைவன் வீட்டை அடையவில்லை. கீழே நிற்பவர்க்கு அந்நிலையில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மூச்சடக்கிப் பார்த்து நிற்பதே இயலும். கயிற்றாட்டம் காணும் கூட்டத்தின் மனநிலையும், வழியில் கண்டோரின் மனநிலையும் ஒன்றாகின்றன. புறத்தே ஒலி ஒத்தது. அகத்தே அச்சமும் பரிவும் ஒத்தன. தொல்காப்பியர் சிலம்பு கழியும் சடங்கை உள்ளடக்கிய மணவினைக்கும் கரணம் என்றே பெயரிட்டார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணினால், அக்கரணம் நிகழாத பெண்ணின் நடையைக் கயிற்று நடையாகக் கண்ட நுட்பம் மேலும் விளங்கும். இரு கரணங்களையும் புலவர் கருதியே இணைத்தார் என்று கூற இடமில்லை. ஆயினும் மொழி அவ்விணைப்பிற்கு இடம் தருகிறது.

நற்றிணை 95ஆம் பாட்டில் கோட்டம்பலவனார் காட்டும் காட்சி வேறு வகையானது. ஆட்டம் முடிந்துவிட்டது. வாத்தியங்கள் ஒலிக்க ஆடுமகள் நடந்த முறுக்கேறிய கயிறு மட்டும் கட்டியபடி கிடக்கிறது. அத்திப்பழம் போலச் சிவந்த முகமுடைய குரங்குக்குட்டி ஒன்று அதில் ஏறித் தொங்குகிறது. அதைக் கண்ட குறச்சிறுவர் பெரிய பாறைமேல் ஏறி மூங்கிலைப் பற்றி எழும்பித் தாளம் கொட்டுகின்றனர். இத்தகைய மலையூரில்தான் தன் நெஞ்சைப் பிணித்தவள் இருக்கிறாள் என்கிறான் தலைவன். கலை மக்களிடம் பரவும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. வித்தை காட்டியவள் போனபின்னும் வித்தை போகவில்லை. விலங்கு அதைப் போலச் செய்கிறது. குழந்தைகள் அதற்குத் தாளமிடுகின்றனர். இங்கே சிரிப்பு உண்டு, இகழ்ச்சி இல்லை. பின்னாளில் 'குரங்கு வித்தை' என்று ஏளனம் செய்தவர்கள் இப்பாட்டின் குரங்குக்குட்டியைக் கண்டிருப்பின் சற்றே தயங்கியிருப்பர்.

மூன்றாவது சான்று கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் உள்ளது. மாங்கனியும் பலாப்பழமும் தேனும் சுனையில் விழுந்து ஊறித் தேறலாகிவிட, அதைத் தண்ணீர் என்று கருதிப் பருகிய மயில் தளர்கிறது. அத்தளர்ச்சிக்கு உவமையாகத் திருவிழாக் களத்தில் இசைக்கேற்பக் கயிற்றின்மேல் செல்லும் ஆடுமகளின் தளர்நடை வருகிறது. கயிற்றின்மேல் நடப்பவளின் தளர்ச்சி உண்மைத் தளர்ச்சி அன்று. ஒவ்வோர் அடியிலும் உடல் ஒருபக்கம் சாயத் தொடங்குகிறது. அச்சாய்வை மறுபக்கம் சாய்ந்து சரிசெய்கிறாள். தூரத்தே நிற்பவர்க்கு அது தள்ளாட்டமாகத் தோன்றும். மயிலின் தளர்ச்சியோ மயக்கத்தால் வந்தது. ஒன்று முழு விழிப்பின் விளைவு, மற்றது விழிப்பிழந்ததன் விளைவு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதைக் கபிலர் கண்டார். கலைஞரைக் கூர்ந்து பார்த்த கண் இது என்பதில் ஐயமில்லை.

இம்மூன்று பாட்டுகளுக்கும் ஒரு குறையும் உண்டு; அதை மறைத்தல் நேர்மையன்று. எந்தப் பாட்டும் ஆடுபவரின் வாயிலிருந்து எழவில்லை. அவர்கள் உவமையாக வருகின்றனர். காதலுக்கும் மயிலுக்கும் மலைக்கும் விளக்காக நின்று மறைகின்றனர். பாடிய புலவரின் பெயர் நிலைத்தது. ஆடியவளின் பெயர் 'ஆடுமகள்' என்னும் பொதுப்பெயரோடு முடிந்தது. பரிவும் கூர்மையும் இருந்தும், பெயரில்லாமை அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

பழமொழிகள் காட்டும் மாற்றம்

பாட்டிலிருந்து பழமொழிக்கு வரும்போது நோக்கு மாறுகிறது. 'ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு' என்பது பலர் வாயிலும் வழங்குவது. என்ன வேடமிட்டாலும் தன் ஆதாயத்தை மறவாதே என்று இன்று அதற்குப் பொருள் கொள்கின்றனர். ஆனால் கழைமேல் நிற்பவருக்குக் காரியம் என்பது காசு அன்று, அடுத்த அடி. பறை முழங்க, கூட்டம் ஆரவாரிக்க, கண் மட்டும் ஒரு புள்ளியில் நிலைத்து நிற்க வேண்டும். கண் அகன்றால் உடல் அகலும். அந்தக் கவனத்தைக் கண்ட ஒருவரே இப்பழமொழியை முதலில் சொல்லியிருத்தல் கூடும். கலைஞரின் ஒருமைப்பாட்டைப் புகழ்வதாகப் பொருள் கொள்ளத்தக்க ஒரு மொழி தன்னலத்தின் அறிவுரையாகத் திரிந்ததைச் சொற்பொருள் மாற்றத்தின் மற்றொரு வகையாகக் கொள்ளலாம்.

'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்னும் பழமொழி இன்னும் வெளிப்படையானது. இரவெல்லாம் ஆடுபவன் விடியலை எதிர்பார்க்கிறான். பகலெல்லாம் உழைப்பவன் அந்தியை எதிர்பார்க்கிறான். இங்கே கூத்தாடியும் கூலிக்காரனும் ஒரே தட்டில் நிற்கின்றனர். கலை தொழிலாகி, தொழில் களைப்பாகிவிட்டது. இப்பழமொழியில் ஏளனம் இல்லை. ஆனால் வியப்பும் இல்லை.

இம்மாற்றத்திற்குக் காரணம் இலக்கியத்தில் இல்லை, வாழ்க்கையில் உள்ளது. கரணம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி கோயிலிலும் சாத்திரத்திலும் தங்கி, காலப்போக்கில் மேடை ஆடலின் மரபாகப் போற்றப்பட்டது. மற்றொரு பகுதி ஊர் ஊராகச் சென்று, தெருமுனையில் கழை நட்டு, ஆட்டம் முடிந்ததும் துணி விரிக்கும் மக்களிடம் தங்கியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் தொம்பர் இத்தகைய வித்தையாடும் மக்களாகவே குறிக்கப்பட்டுள்ளனர். அலைந்து திரிவோர்பால் நிலைத்து வாழ்வோர்க்கு இருக்கும் ஐயமும், வறியோர்பால் வசதியுடையோர்க்கு இருக்கும் அலட்சியமும் சேர்ந்து சொல்லின் மேல் படிந்தன. கல்லில் இருந்த கரணம் வடமொழிப் பெயரோடு பெருமை பெற்றது. தெருவில் இருந்த கரணம் 'குட்டி' என்னும் அடையைப் பெற்றுச் சிறுத்தது. சொல் ஒன்றுதான், அதைச் செய்பவரின் நிலை வேறாயிற்று.

மலையாள நாட்டில் இப்பிரிவு இவ்வளவு முற்றவில்லை என்று தோன்றுகிறது. அங்கே கரணம் மறிதல் என்னும் வழக்கு பேச்சில் உண்டு. களரிப்பயிற்சியில் உடலைத் தாவவும் சுழற்றவும் பழக்குவது முறையான கல்வியாகவே நிலைத்தது. களரியில் தேர்ந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலைச்சேரியில் உடற்பயிற்சி ஆசிரியராய் இருந்து, 1901இல் வட்டரங்கக் கலைக்கென ஒரு பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். கேரளத்தின் வட்டரங்கப் புகழுக்கு அதுவே வித்தாயிற்று. வித்தைக்கு ஆசான் இருந்தார், பள்ளி இருந்தது, பெயரும் இருந்தது. தமிழ்நாட்டுக் கழைக்கூத்தருக்கு அத்தகைய பள்ளி அமையவில்லை. தாயும் தந்தையும் தெருவிலேயே கற்பித்தனர்.

கரணத்தின் உள்ளியல்பு

ஏளனம் அறியாமையினின்றும் பிறப்பது. கரணம் போடுவதில் என்ன நிகழ்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் அதை விளையாட்டுத்தனம் என்று கருத மாட்டார். கால் நிலத்தை விட்ட கணத்திலிருந்து உடலின் மொத்தச் சுழல் உந்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஆடுபவரால் இயலாது. பற்றிக்கொள்ள வெளியில் ஒன்றுமில்லை. எவ்வளவு உயரம், எவ்வளவு சுழற்சி என்பவை யாவும் நிலத்தை உதைக்கும் அந்த ஒரு நொடிக்குள் தீர்மானமாகிவிடுகின்றன. அதன்பின் அவர் கையில் இருப்பது உடலின் வடிவம் மட்டுமே. முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டால் சுழற்சி விரைவாகும். கைகால்களை நீட்டினால் மெதுவாகும். சுருள வேண்டிய நொடியும் விரிய வேண்டிய நொடியும் கண்ணிமைப்பதற்குள் வந்து போகின்றன. விரிவது சற்றே பிந்தினால் சுற்று மிகும். முந்தினால் சுற்று குறையும். இரண்டினும் உடல் தவறான பக்கத்தில் நிலத்தை மோதும். 'கரணம் தப்பினால் மரணம்' என்பது எதுகைக்காகக் கட்டிய மொழி அன்று. அது இயற்பியல் உண்மை.

போர்க்கலைகள் இதை நன்கறிந்திருந்தன. 1882இல் ஜப்பானில் ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவில் மாணவன் முதலில் கற்பது எதிரியை வீழ்த்துவதை அன்று. தான் காயமின்றி விழுவதை. விழும்போது உருண்டு, விழுச்சியின் வேகத்தை உடல் முழுவதும் பரப்பிவிடும் கல்வி அது. பாய்மேல் ஒரு பிள்ளை போடும் முதல் கரணமும் அத்தகைய கல்வியே. தலையை உள்மடக்கி, முதுகை வளைத்து, நிலத்தோடு பகைக்காமல் உருளக் கற்றவன் பிற்காலத்தில் மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியாமல் எழக்கூடும். அதை வீண்முயற்சிக்கு உவமையாகச் சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

அந்தப் பழமொழிக்கு உலகறிந்த விளக்கம் 2016இல் கிடைத்தது. ரியோ ஒலிம்பிக் போட்டியில் திரிபுரா மாநிலத்து அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் தாண்டு மேடையில் புரொதுனோவா என்னும் தாவலைச் செய்தார். ஓடிவந்து, மேடையில் கையூன்றி எழும்பி, வெளியில் இருமுறை முன்னோக்கிச் சுழன்று காலூன்றுவது அது. அஞ்சத்தக்க அத்தாவலை 'மரணத் தாவல்' என்றே செய்தித்தாள்கள் குறித்தன. அவர் பெற்ற புள்ளி 15.066, வெண்கலம் வென்றவர் பெற்றது 15.216. நான்காம் இடம் கிட்டியது. 2024 அக்டோபரில் அவர் போட்டிகளினின்றும் ஓய்வு பெற்றார். பதக்கமின்றித் திரும்பியவரை நாடு கொண்டாடியது ஒரு புதுமை. கரணம் தப்பவில்லை என்பதே பெருமைக்குப் போதுமானதாயிற்று.

அத்தாவலின் பெயரும் நினைக்கத்தக்கது. 1999இல் அதைப் போட்டியில் செய்து காட்டிய உருசிய வீராங்கனை யெலேனா புரொதுனோவாவின் பெயர் அது. உலகப் போட்டிகளில் ஒரு புதிய கரணத்தை முதன்முதலாகச் செய்து காட்டுபவரின் பெயரை அதற்கு இடுவது சீருடற்பயிற்சி உலகின் வழக்கம். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் பெயரைத் தாங்கிய கரணங்கள் பல உள்ளன. சங்கப் பாட்டில் பெயரின்றி மறைந்த ஆடுமகளோடு இதை ஒப்பிடுக. ஒரு துறையில் கரணத்திற்குக் கலைஞரின் பெயரே இடப்படுகிறது. மற்றொரு மரபில் கலைஞருக்கும் பெயரில்லை, கரணத்தின் பெயரும் வசையாயிற்று.

அருகிலுள்ள ஒரு பாடம்

வெகு தொலைவிலிருந்து சான்று கொணர வேண்டியதில்லை. சிகாமட் ஆறு சென்று கலப்பது மூவார் ஆற்றில். அம்மூவார் ஆறு கடலோடு சேரும் இடத்தில் அமைந்த மூவார் நகரில் குன் செங் கெங் என்னும் சிங்க நடனக் குழு உள்ளது. உயரமும் இடைவெளியும் வேறுவேறான இரும்புக் கழிகளின் உச்சியில், இருவர் ஒரே சிங்கத் தோலுக்குள் நின்று தாவியும் திரும்பியும் ஆடுவது அதன் கலை. முன்னவரைப் பின்னவர் தூக்கி எறிவது போல உயர்த்தி அடுத்த கழியில் நிறுத்துகிறார். சிங்கம் தாவுகிறது என்று பார்ப்பவர் எண்ணுகின்றனர். தாவுவது இரண்டு மனிதரின் ஒருங்கிணைந்த கணக்கு. கெந்திங் மலையில் நடைபெறும் உலகப் போட்டிகளில் அக்குழு பலமுறை வெற்றி பெற்றுள்ளது.

கழி, பறை, உயரம், நடுநிலை, கூட்டத்தின் மூச்சடக்கம் ஆகிய இவ்வளவும் கழைக்கூத்திலும் உள்ளவை. கலையின் இயல்பில் வேறுபாடு மிகக் குறைவு. வேறுபாடு கலையைத் தாங்கிய சமூகத்தின் கையில் உள்ளது. சீனச் சமூகம் சிங்க நடனத்தைக் கோயிலோடும் சங்கத்தோடும் பள்ளியோடும் பிணைத்தது. புத்தாண்டில் வீட்டு வாசலுக்கு அழைத்தது. விதிகளும் நடுவர்களும் உள்ள போட்டியாக்கியது. ஆடுபவர் கைநீட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் வருவதே மங்கலம் என்றாயிற்று. தமிழ்ச் சமூகம் பரதத்தை மேடையேற்றியது; சிலம்பத்திற்கு மன்றங்கள் கண்டது; கழைக்கூத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டது. ஒன்றைப் போற்றியும் மற்றொன்றை இகழ்ந்தும் வந்ததற்குக் கலையின் தரம் காரணமன்று என்பது மூவார்க் கழிகளைப் பார்த்தவர்க்கு விளங்கும்.

இனிச் செய்யத்தக்கவை

உவமையாக வழங்கும் வசைகளை மக்கள் நாவிலிருந்து அகற்ற எந்த ஆசிரியராலும் இயலாது. அகற்ற வேண்டுவதும் இல்லை. கட்சி மாறுபவரைப் பல்டி என்று சொல்லுவோர் சொல்லட்டும். ஆனால் வகுப்பறைக்கும் விளையாட்டுச் செய்திக்கும் வசையற்ற பெயர்கள் வேண்டும். நிலத்தோடு ஒட்டிச் சுழல்வதை உருளல் என்றும், நிலத்தை விட்டு எழும்பிச் சுழல்வதைக் கரணம் என்றும் பிரித்து வழங்கினால் குழப்பம் நீங்கும். முன்னுருளல், பின்னுருளல் என்பன முதல்வகை. முன்கரணம், பின்கரணம், பக்கக்கரணம், இரட்டைக்கரணம் என்பன இரண்டாம் வகை. இவை புதிதாகப் புனைந்த அருஞ்சொற்கள் அல்ல. இருக்கும் சொற்களை அவற்றின் பழைய மதிப்போடு மீண்டும் அமர்த்துவதே ஆகும். 'குட்டி' என்னும் அடையை மட்டும் நீக்கினால் போதும். எஞ்சுவது தஞ்சைக் கல்லில் உள்ள சொல்.

இதற்கு மாறாக ஒன்று சொல்லப்படலாம். கரணம் என்பதே வடசொல் எனில், தனித்தமிழ்ச் சொல்லொன்று படைத்தல் நன்றன்றோ என்பர் சிலர். புரள்வு, சுழல்தாவல் என்பன போன்ற சொற்களைப் படைத்தலும் கூடும். ஆனால் தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழில் வழங்கி, இன்றும் பாமரர் வாயில் உயிரோடு உள்ள ஒரு சொல்லை விட்டுவிட்டுப் புதிய சொல்லைப் புகுத்தினால், பழைய சொல் வசையாகவே நின்றுவிடும். பெயரை மாற்றுவதால் கலைக்கு மதிப்பு வாராது. பெயரின் மேல் படிந்த அழுக்கைத் துடைப்பதால் வரும்.

இலக்கிய வகுப்பிலும் ஒரு கடமை உண்டு. குறுந்தொகையின் ஏழாம் பாட்டை நடத்தும்போது, கயிற்றாட்டப் பறையை ஒலியுவமை என்று குறித்துக் கடந்துவிடாமல், அப்பறை யாருக்காக ஒலித்தது என்பதையும் மாணவர்க்குச் சொல்லலாம். நற்றிணையின் ஆடுமகள் போனபின் கிடந்த கயிற்றைக் காட்டலாம். குறிஞ்சிப்பாட்டின் மயிலுக்கும் கயிற்றின்மேல் நடப்பவளுக்கும் உள்ள வேற்றுமையை மாணவரே கண்டுபிடிக்கும்படி கேட்கலாம். அன்று காலையில் பாய்மேல் உருண்ட பிள்ளைக்கு அவ்வேற்றுமை எளிதில் விளங்கும். ஏட்டை மட்டும் கற்றவர்க்குத் தளர்ச்சியாகத் தோன்றுவது, உடலால் கற்ற அப்பிள்ளைக்கு நிலைகாத்தலாகத் தோன்றும். உடற்கல்வியும் தமிழும் ஒரே பள்ளியில் இரு வேறு மணிகளில் நடக்கும் பாடங்கள். இந்த மூன்று பாட்டுகளின் பொருட்டேனும் அவ்விரண்டு ஆசிரியர்களும் ஒருமுறை கலந்து பேசுவது நன்று.